7 அடியா, 8 அடியா, 9 அடியா: பூல் டேபிள் வாங்குறதுக்கு முன்னாடி

பூல் டேபிள் வாங்கலாம்னு இருக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தன அடி வாங்கலாம்?"ங்கறதுதான். பார்லர்ல கெடையா கெடக்குற ஆளுங்கறதால என்கிட்டயும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும், அபார்ட்மெண்ட் க்ளப் ஹவுஸுக்கு ஒண்ணு போடணும், மாடில ஒரு ரூம் சும்மா கெடக்கு, பையன் நச்சரிக்கிறான், இல்ல சின்னதா ஒரு பார்லரே ஆரம்பிக்கப் போறேன், இப்படி ஆளுக்கொரு காரணம். அடிக்கணக்கு முக்கியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரே 8 அடில ரெண்டு டேபிள பக்கத்து பக்கத்துல போட்டு ஆடிப் பாருங்க. ஒண்ணுல க்யூவால (ஆடுற கோல்) லேசா தட்டினாலே வெள்ள பால் ரெண்டு குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர் வரம்பு) தொட்டுட்டு வரும், இன்னொண்ணுல ஓங்கி அடிச்சாலும் நடுவுலயே படுத்துக்கும், ஒண்ணுல பாக்கெட்டோட வாய்ல உரசினாலும் உள்ள விழும், இன்னொண்ணுல நேரா போன பாலே லொடலொடன்னு ஆடிட்டு வெளிய வந்து நிக்கும். அளவு ஒண்ணு, ஆட்டம் வேற. அப்ப காசு எதுக்குக் குடுக்குறோம்னு தெரிஞ்சுட்டுக் குடுக்கணும்ல, அதுக்குதான் இது.

நம்ம பக்கம் கைல காசோட நிக்கிறவருக்குக் கிடைக்கிற சாய்ஸ் பெரும்பாலும் மூணு. ஆன்லைன்லயும் ஸ்போர்ட்ஸ் கடைலயும் விக்கிற 7 அடி எம்.டி.எஃப் பலக டேபிள் ஒண்ணு. ஸ்னூக்கர் டேபிள் செய்யுற ஆளுங்களே செஞ்சு தர்ற 8 அடி ஸ்லேட் (கல்லுப் பலக) டேபிள் ஒண்ணு. அப்புறம் எங்கயாவது பார்லர் மூடும்போது செகண்ட் ஹேண்ட்ல வர்ற 9 அடி அமெரிக்கன் டேபிள். நாலாவதா இப்ப சைனாவுலருந்து ஹேபால் டேபிள்னு ஒண்ணு வந்துருக்கு, 9 அடி சைஸ், பால் அமெரிக்கன் பூல் பால், ஆனா பாக்கெட் மட்டும் ஸ்னூக்கர் மாதிரி வளஞ்ச வாய். ஆடுறதுக்கு அருமையான டேபிள், ஆனா புதுசா கத்துக்கறவங்கள கண்ணீர் விட வெக்கும், அதனால வீட்டுக்குன்னு கேட்டா நான் அந்தப் பக்கம் போகச் சொல்றதில்ல.

இந்த மூணயும் ஒப்பிடும்போது நான் பாக்குறது ஒரே ஒரு விஷயம்: டேபிள்ல எதெல்லாம் அப்புறமா மாத்திக்கலாம், எதெல்லாம் மாத்தவே முடியாது. துணி மாத்தலாம், பால் மாத்தலாம், கொஞ்சம் செலவு பண்ணா குஷன் ரப்பரும் மாத்தலாம். ஆனா ஸ்லேட், ஃப்ரேம், குஷன் மரம் வெட்டின விதம் இதெல்லாம் வாங்கின அன்னிக்கு என்னவோ அதேதான் கடைசி வரைக்கும். கடைக்காரர் என்ன காட்டுவாருன்னா பளபளன்னு இருக்குற துணி, கால்ல இருக்குற கார்விங், ட்ராயர் வெச்ச மாடல், அதாவது எதெல்லாம் ஆட்டத்துக்குத் தேவையில்லயோ இல்ல நாளைக்கே மாத்திக்கலாமோ அதயெல்லாம் காட்டுவாரு.

முதல்ல அடிப்பலக. 1826 வரைக்கும் மரப்பலக மேலதான் துணி விரிச்சு ஆடிட்டு இருந்தாங்க, லண்டன்ல ஜான் தர்ஸ்டன்ங்கற டேபிள் செய்யுறவருதான் அந்த வருஷம் ஸ்லேட் கல்லப் போட்டாரு, இருநூறு வருஷம் கிட்ட ஆகுது, இன்னும் அத மிஞ்சின பொருள் எதுவும் வரல. காரணம் ரொம்ப சிம்பிள், கல்லு ஈரத்த குடிக்காது, வளையாது, கனமா இருக்கறதால ஆள் சாஞ்சாலும் டேபிள் நகராது. உலக பூல் சங்கத்தோட விதிப்படி ஸ்லேட் 1 இஞ்ச் கனமாவது இருக்கணும், நீளவாக்குல லெவல் 0.02 இஞ்சுக்குள்ள, அகலவாக்குல 0.01 இஞ்சுக்குள்ள இருக்கணும். 0.02 இஞ்ச்னா அர மில்லிமீட்டர். கொத்தனார் வெச்சிருக்குற ரசமட்டத்துல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, டேபிள் ஃபிட்டர் தனியா மெஷின் லெவல் ஒண்ணு வெச்சிருப்பாரு, அது இல்லாம சாதா ரசமட்டத்தோட வர்ற ஃபிட்டர பாத்தா எனக்கு அப்பவே சந்தேகம் வந்துரும்.

எம்.டி.எஃப்னா மரநார பசை போட்டு அமுக்கின பலக. ஏசி ரூம்ல, ஈரமில்லாத ஊர்ல கொஞ்ச காலம் ஒழுங்கா இருக்கும். சென்னை, பாண்டிச்சேரி, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல அது காத்துல இருக்குற ஈரத்த இழுத்து ஊதும், நடுவுல லேசா தொங்கும், தொங்க ஆரம்பிச்சா மெதுவா விடுற பால் எல்லாம் ஒரே பக்கமா சரியும், அத கால அட்ஜஸ்ட் பண்ணியெல்லாம் சரி பண்ண முடியாது ஏன்னா வளஞ்சது பலக, கால் இல்ல. கனமும் கம்மி, பசங்க மேல சாஞ்சா டேபிள் நகரும், நகர்ந்தா லெவல் போச்சு.

ஸ்லேட்லயும் ஒரே கல்லா வர்றது, மூணு துண்டா வர்றதுன்னு ரெண்டு இருக்கு. ஒரே கல்லுன்னா சேர்க்குற வேலையே இல்ல, ஒரு தடவ லெவல் பண்ணா நிக்கும். மூணு துண்டுன்னா ஜாயிண்ட்ல மெழுகோ புட்டியோ வெச்சு மட்டமா சீவணும், ஃபிட்டர் கை சரியில்லன்னா அந்த ஜாயிண்ட தாண்டும்போது பால் டக்குன்னு ஒரு சின்னக் குதி குதிக்கும், காதுலயே கேக்கும். கேக்க ஒரே கல்லுதான் பெட்டர்னு தோணும், ஆனா 8 அடி டேபிளுக்கு 1 இஞ்ச் ஸ்லேட் மட்டுமே 200 கிலோவுக்கு மேல வரும், அத ரெண்டாவது மாடிக்கு எப்படி ஏத்துவீங்க, லிஃப்ட்ல நீளமே நுழையாது, படிக்கட்டுல திருப்பம் வேற. க்ளப் ஹவுஸ் தரைத்தளத்துல இருந்தா ஒரே கல்லு, மாடின்னா யோசிக்காம மூணு துண்டு. ஸ்லேட் எந்த ஊர் கல்லுங்கறதுக்கு ஆளுக்கொரு கத சொல்லுவாங்க, இத்தாலில லிகூரியா பக்கத்துக் கல்லுக்கு ரொம்ப நாளா பேரு உண்டு, ஆனா 1 இஞ்ச் இருக்கா மட்டமா அறுத்துருக்கானான்னு பாத்தா போதும்னு எனக்குத் தோணுது. கல்லுக்கு பாஸ்போர்ட் கேக்க வேணாம்.

அடுத்து துணி. ஆட்டம் மாறுறதுல பாதி இதுதான், ஆனா கவலப்படத் தேவையில்லாத பாதி, ஏன்னா மாத்திக்கலாம். ரெண்டு ஜாதி துணி இருக்கு. ஸ்னூக்கர் துணில மேல மென்மயா ரோமம் இருக்கும், ஒரு திசையில படிஞ்சிருக்கும், அத பிரஷ் போட்டு அயர்ன் பண்ணுவாங்க, ரோமத்துக்கு எதிரா மெதுவா உருட்டினா பால் கொஞ்சம் விலகும், சைடு போட்டு (பால ஓரமா அடிச்சு சுழல விட்டு) அடிச்சா வளையுற பக்கமே மாறும். அமெரிக்கன் பூலுக்கு வர்ற வொர்ஸ்டட் துணில ரோமமே இருக்காது, கோட் தைக்கிற துணி மாதிரி வழவழன்னு நெருக்கமா நெய்தது, விதிப்படி அதுல 85 சதவீதமாவது கம்பளி இருக்கணும், மீதி நைலான். இந்த வகைல உலகம் பூரா தெரிஞ்ச பேரு சிமோனிஸ், பெல்ஜியத்துல வெர்வியேங்கற ஊர்ல 1680லருந்து துணி நெய்யுற கம்பெனி.

நம்மூர் பார்லர் பூல் டேபிள்ல ஏன் இவ்ளோ ஸ்னூக்கர் வாசன அடிக்குதுன்னா, ஆட்டமே இங்க வளந்ததுதானே. 1875ல ஜபல்பூர்ல பிரிட்டிஷ் ஆர்மி மெஸ்ல ஆரம்பிச்சத நெவில் சேம்பர்லைன்ங்கற ஆபீசர் நம்ம ஊட்டி க்ளப்ல விதியா எழுதி 1882ல சுவத்துல மாட்டினாருன்னு சொல்றது வழக்கம். (பின்னாடி பிரிட்டன் பிரதமரா வந்தவர் வேற, பேரு மட்டும் ஒண்ணு.) அப்பலருந்து இங்க டேபிள் செய்யுறவங்க, ஃபிட்டர், மார்க்கர் எல்லாருமே ஸ்னூக்கர் ஆளுங்க, பூல் டேபிள் கேட்டாலும் கைக்குப் பழகின அந்தத் துணியதான் போடுவாங்க. அதனால 8 அடி லோக்கல் டேபிள்ல ஸ்பீடு கம்மியா இருக்கறதுக்குப் பெரும்பாலும் துணிதான் காரணம், டேபிள் இல்ல. இது தெரியாம "லோக்கல் டேபிள் ஸ்லோ, இம்போர்ட்டட் ஃபாஸ்ட்"னு பேசறவங்க நிறைய. அதே டேபிள்ல வொர்ஸ்டட் போட்டுப் பாருங்க, வெள்ள பால புடிச்சு நிறுத்தறதே பெரும்பாடா இருக்கும்.

துணி புதுசா இருக்கும்போது ஒரு மாதிரி, ஆறு மாசம் கழிச்சு வேற மாதிரி. புதுத் துணில பால் உருளுறதுக்கு முன்னாடி ரொம்ப தூரம் வழுக்கிட்டே போகும், பேக் ஸ்பின் தேயாம அப்படியே போய்ச் சேரும், அதனால ஸ்க்ரூ எடுக்கறது (வெள்ளய பின்னாடி இழுக்கறது) ஈஸி, ஆனா குஷன்ல பட்டுத் திரும்புற பேங்க் ஷாட் எல்லாம் நினச்சத விட அகலமா போகும், ஏன்னா குஷன் துணியும் வழுக்குது, பால புடிக்க மாட்டேங்குது. சாக் பவுடரும் கை அழுக்கும் ஏற ஏற உராய்வு கூடி அதே பேங்க் குறுகலா வரும். இதோட ஈரம் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம், மழக்காலத்துல டப்பா மூடாம வெச்ச அப்பளம்தான், ராத்திரி ஏசி ஆஃப் பண்ணிட்டு மறுநாள் மதியம் தொறந்தா டேபிள் செத்துக் கெடக்கும், ஏசி ரெண்டு மணி நேரம் ஓடினப்புறம்தான் உயிர் வரும். பாக்கெட்டே இல்லாத மூணு குஷன் பில்லியர்ட்ஸ் ஆடுறவங்க இதுக்காகவே ஸ்லேட்டுக்கு அடில ஹீட்டர் வெச்ச டேபிள்தான் யூஸ் பண்றாங்க, பெரிய ஸ்னூக்கர் போட்டிகள்லயும் அப்படித்தான். சென்னை வெயில்ல போய் ஹீட்டரான்னு சிரிக்காதீங்க, அது சூடுக்கு இல்ல, துணி காயறதுக்கு. நம்ம வீட்டுக்கு அதெல்லாம் வேணாம், ரூம்ல ஏசி இருக்கா இல்லயாங்கறத மட்டும் டேபிள் வாங்குற முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, ஏசி இல்லாத மொட்டமாடி ஷெட்ல போடறதா இருந்தா ரொம்ப விலயான துணி வேஸ்ட்.

குஷனுக்கு வருவோம். 1835 வாக்குலதான் ரப்பர் வந்துச்சு, அதுக்கு முன்னாடி துணியையும் பஞ்சையும் அடச்சு வெச்சிருந்தாங்க. ஆரம்பத்துல வந்த ரப்பர் இங்கிலாந்துக் குளிர்ல கல்லாகிடும், ஆடுறதுக்கு முன்னாடி சூடு பண்ண வேண்டியிருந்துச்சாம், ரப்பர வல்கனைஸ் பண்ற முற வந்தப்புறம்தான் அந்தத் தொல்ல ஒழிஞ்சுது. இப்ப அமெரிக்கன் டேபிள்கள்ல கே-66, கே-55னு ரெண்டு வடிவ ரப்பர் புழக்கத்துல இருக்கு, ஸ்னூக்கர் டேபிள்ல எல் வடிவம். எந்த ரப்பர்ங்கறத விட முக்கியம் அதோட மூக்கு எந்த உயரத்துல நிக்குதுங்கறது. பாலோட விட்டத்துல 63.5 சதவீத உயரத்துல குஷன் மூக்கு பால தொடணும், ஒரு சதவீதம் மேல கீழ போகலாம், அவ்ளோதான். பூல் பால் 57.15 மில்லிமீட்டர், அப்ப மூக்கு கிட்டத்தட்ட 36.3 மில்லிமீட்டர்ல இருக்கணும். மூக்கு தாழ்ந்தா வேகமா வர்ற பால் குஷன்ல மோதி எகிறும், ஒசந்தா பால அழுத்திக் கல்லோட சேத்து நசுக்கும், வேகம் செத்துடும்.

இதுல நம்மூர்ல அடிக்கடி நடக்குற கூத்து ஒண்ணு இருக்கு. டேபிள் பூல் டேபிள், ஆனா "கொஞ்சம் ஈஸியா விழட்டும்"னு 52.5 மில்லிமீட்டர் ஸ்னூக்கர் சைஸ் பால போட்டு வெச்சிருப்பாங்க. அப்ப அதே 36.3 மில்லிமீட்டர் மூக்கு அந்தச் சின்ன பாலுக்கு 69 சதவீத உயரம் ஆயிடும். குஷன் செத்த மாதிரி தெரியும், ஓனர் ரப்பர் மாத்தணும்னு செலவு பண்ணுவாரு, பால மாத்தினா போதும்ங்கறது யாருக்கும் தோணாது.

பெரிய கம்பெனி டேபிளே ஒண்ணுக்கொண்ணு பேங்க் மாறும்ங்கறதுக்கு அமெரிக்காவுல ரொம்ப பேசப்பட்ட கேஸ் டைமண்ட் டேபிள். அதுல பழைய ரெட் லேபிள் மாடல்ல பேங்க் ஷார்ட்டா வருதுன்னு ப்ளேயர்ஸ் ரொம்ப நாள் சொல்லிட்டே இருந்தாங்க, அப்புறம் ப்ளூ லேபிள்ல குஷன் அமைப்ப மாத்தினாங்க. 1961லருந்து வர்ற ப்ரன்ஸ்விக் கம்பெனியோட கோல்ட் க்ரௌன் டேபிள்ல பழகின கை டைமண்டுக்குப் போனா முதல் அர மணி நேரம் பேங்கே அடிக்காம ஆடும். ரெண்டுமே தரமான 9 அடி டேபிள்தான், இது நல்லது அது கெட்டதுன்னு இல்ல.

செகண்ட் ஹேண்ட் பாக்கப் போறீங்கன்னா குஷன சோதிக்க ஒரு வழி: டேபிளோட ஒரு முனைப் பக்கம் இருக்குற ஸ்பாட்ல (புள்ளி) பால வெச்சு க்யூவ மட்டமா புடிச்சு நல்லா வேகமா நீளவாக்குல அடிங்க, டேபிள் நீளத்துல நாலு, நாலர மடங்கு ஓடணும், ஓடுற வழில எகிறக் கூடாது. ஓடுச்சா, ரப்பரும் துணியும் சேந்து உயிரோட இருக்கு. அப்புறம் ஆறு குஷன்லயும் ஒவ்வொரு ஜானுக்கும் ஒரு பால கையால உருட்டி மோத விடுங்க, காதக் குடுத்துக் கேளுங்க. டப்புன்னு உயிரில்லாத சத்தம் வர்ற எடத்துல பெரும்பாலும் அடில போல்ட் லூஸா இருக்கும், டைட் பண்ணா சரியாயிடும், அத வெச்சு விலய நல்லா கொறச்சுப் பேசலாம். போல்ட் டைட் பண்ணியும் சத்தம் மாறலன்னா ரப்பர் கெட்டிப்பட்டுப் போச்சு, இல்ல ஒட்டு விட்டுப் போச்சு.

இப்ப பாக்கெட். என்ன கேட்டா டேபிளோட குணம் முழுக்க இங்கதான் இருக்கு, விக்கிறவங்க இதப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாங்க. 9 அடி போட்டி டேபிளுக்கு மூலை பாக்கெட்டோட வாய் நாலரலருந்து 4.625 இஞ்ச், நடு பாக்கெட் 5லருந்து 5.125 இஞ்ச். பால் ரெண்டே கால் இஞ்ச்ங்கறதால அளவெடுக்க டேப்பே வேணாம், ரெண்டு பால பக்கத்துல பக்கத்துல மூல பாக்கெட் வாய்ல வெச்சுப் பாருங்க, கரெக்டா அடச்சுக்கிட்டா நாலர. ரெண்டு பால் வெச்சும் பக்கத்துல விரல் நுழையுதுன்னா அது 5 இஞ்ச் கிட்ட, பார்லர்காரங்க கஸ்டமர் சந்தோஷத்துக்கு வெக்கிற பாக்கெட். ரெண்டு பால் நுழையவே மாட்டேங்குதுன்னா போட்டி ஆடுறவங்க டைட் பண்ணி வெச்சிருக்காங்க. சமீப வருஷங்கள்ல மேட்ச்ரூம்ங்கற கம்பெனி நடத்துற போட்டிகள்ல 4 இஞ்ச் பாக்கெட் வெச்சு ப்ளேயர்ஸ கதற விட்டுட்டு இருக்காங்க.

5 இஞ்ச் 4 இஞ்ச் ஆச்சுன்னா கேக்க அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்ச மாதிரிதான் இருக்கும். ஆனா பால் ரெண்டே கால் இஞ்ச அடச்சுக்குது, மீதி இருக்குறதுதான் நம்ம தப்புக்கு இடம். 5 இஞ்ச்ல மீதி 2.75, 4 இஞ்ச்ல மீதி 1.75. மூணுல ஒரு பங்குக்கும் மேல காலி. இதுக்குதான் பார்லர்ல ராஜாவா ஆடுறவன் டோர்னமெண்ட்ல போய் பேயறஞ்ச மாதிரி நிக்கிறான்.

வாய் அளவு மட்டும் பாத்தாலும் பத்தாது. உள்ள போகப் போக ஓரம் எவ்ளோ சாஞ்சிருக்குங்கறது இன்னொண்ணு, மூலைக்கு 142 டிகிரி, நடுவுக்கு 104 டிகிரின்னு விதி. மூலைல இந்தக் கோணம் கூடக் கூட உள்பக்கம் குறுகிட்டே போகும், வாய் அகலமா இருந்தும் ஒரு ஓரத்துல பட்ட பால் எதிர் ஓரத்துக்குப் போய் மறுபடி இந்தப் பக்கம் வந்து வெளிய துப்பும். அப்புறம் திண்ணை, அதாவது பாக்கெட் வாய்க்கும் குழிக்கும் நடுவுல இருக்குற ஸ்லேட், மூல பாக்கெட்ல அது 1லருந்து ரெண்டே கால் இஞ்ச் வரைக்கும் இருக்கலாம், திண்ணை பெருசா இருந்தா ஆடி ஆடி வந்த பால் அங்கயே உக்காந்துடும், சின்னதா இருந்தா அதே பால் விழுந்துடும். ஒரே வாய் அளவுள்ள ரெண்டு டேபிள் இதனாலயே ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசத்தோட ஆடும். ஸ்னூக்கர் ஸ்டைல்ல வெட்டின லோக்கல் டேபிள்ல ஓரம் கூரா இல்லாம வளஞ்சிருக்கும், குஷன ஒட்டி வேகமா அடிச்ச பால் அந்த வளைவுல பட்டா உள்ள போகாது, அதனால அங்க மெதுவா ஆடியே ஆகணும், அதுக்குப் பழகினவங்க கை ரொம்ப நிதானமா இருக்கும், ஆனா அமெரிக்கன் டேபிள்ல பாக்கெட்டோட ஒரு ஓரமா பாத்து விட்டு வெள்ளய வேற பக்கம் கொண்டு போற வித்தைய கத்துக்க மாட்டாங்க.

டேபிள் வித்தியாசம் எவ்ளோ பெரிய சண்டைய கிளப்பும்னா, அமெரிக்க ப்ளேயர் வில்லி மோஸ்கோனி 1954ல ஓஹையோ மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல ஒண்ணு கூட தவறவிடாம தொடர்ச்சியா 526 பால் போட்டாரு, 65 வருஷம் அந்த ரெக்கார்ட் நின்னுச்சு, 2019ல ஜான் ஷ்மிட் 626 போட்டு ஓடச்சாரு. உடனே ஆரம்பிச்சுட்டாங்க, மோஸ்கோனி ஆடுனது 8 அடி, ஷ்மிட் ஆடுனது 9 அடி, அப்ப யாரு பெரிய ஆளு, துணி அப்ப ஸ்லோ இப்ப ஃபாஸ்ட்டுன்னு. சின்ன டேபிள்னா ஈஸின்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 9 அடி ஆடுகளம் 100க்கு 50 இஞ்ச், 7 அடி கிட்டத்தட்ட 78க்கு 39, பரப்பளவுல அறுபது சதவீதம்தான், ஆனா 15 பால் அதே 15 பால். கூட்டம் ஜாஸ்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு நிக்கும், வெள்ளய கொண்டு போய் நிறுத்த சந்து தேடணும். 9 அடில சந்து தாராளமா இருக்கும், ஆனா தூரம் கொல்லும். நாலர இஞ்ச் பாக்கெட்டுக்கு 4 அடி தூரத்துலருந்து நேரா விடறதா இருந்தா பாலோட திசை ஒண்ணே கால் டிகிரி வரைக்கும் தப்பலாம், 8 அடி தூரம்னா முக்கால் டிகிரி கூட கிடையாது.

அடிக்கணக்குன்னு வந்தா "8 அடி"ன்னு சொல்றதே ரெண்டு அளவு, ஆடுகளம் 88க்கு 44 இஞ்ச் ஒண்ணு, 92க்கு 46 ஒண்ணு, கேட்டு வாங்கிக்கோங்க. ரூமுக்கு கணக்கு ரொம்ப ஈஸி, ஆடுகளத்தோட ரெண்டு பக்கமும் க்யூ நீளம் 58 இஞ்ச் சேத்துக்கணும். பெரிய 8 அடிக்கு 17 அடி 4 இஞ்சுக்கு 13 அடி 6 இஞ்ச் ஆகுது, 9 அடிக்கு 18க்கு 13 அடி 10 இஞ்ச், 7 அடிக்கு 16 அடி 2 இஞ்சுக்கு 12 அடி 11 இஞ்ச். பாத்தீங்களா, 7க்கும் 9க்கும் நடுவுல ரூம் அகலத்துல ஒரு அடி கூட வித்தியாசம் இல்ல. இதெல்லாம் கொறஞ்ச பட்சம், கை பின்னாடி இழுக்க இன்னும் அர அடி இருந்தா நல்லது. நடுவுல தூண் வர்ற ரூம்ல டேபிள் போட்டுட்டு குட்ட க்யூ வாங்கி சமாளிக்கலாம்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, அந்தப் பக்கம் பால் நின்னாலே எல்லாருக்கும் எரிச்சல் வரும்.

பால பத்தி சுருக்கமா சொல்றேன். ஃபீனாலிக் ரெசின்ல செஞ்ச செட் வாங்குங்க, பெல்ஜியத்துல சலுக் கம்பெனி செய்யுற அராமித் செட்டு அந்த வகைதான். சீப்பான பாலியெஸ்டர் செட்டு சீக்கிரம் தேயும், பால் ஒண்ணுக்கொண்ணு எட மாறிடும். சமையல்கட்டு தராசுல வெச்சா தெரிஞ்சுடும், ஒவ்வொண்ணும் 156லருந்து 170 கிராமுக்குள்ள, ஒரே செட்டுல எல்லாம் ஒரே எடயா இருக்கணும். குறிப்பா வெள்ளய நிறுத்துப் பாருங்க, அதுதான் அதிகமா அடி வாங்கி முதல்ல தேயுறது, வெள்ள லேசா இருந்தா ஸ்க்ரூ ஈஸியா வரும், ஃபாலோ (மோதினப்புறம் வெள்ள முன்னாடி போறது) வராது, நீங்க உங்க ஸ்ட்ரோக்க திட்டிட்டு இருப்பீங்க. அழுக்கு பாலும் ஆட்டத்த மாத்தும், மோதும்போது ஒட்டி இழுத்துட்டுப் போய் கட் ஷாட் (பால சாய்வா அடிச்சு விடறது) எல்லாம் நினச்ச கோணம் வராம கொஞ்சம் தடிமனா போகும். துடைக்க பைசா செலவில்ல.

சரி, யார் எத வாங்கலாம். சின்னப் பசங்க இருக்குற வீடு, ரெண்டு வருஷத்துல ஆச தீர்ந்துடும்னு உங்களுக்கே தெரியும்னா 7 அடி எம்.டி.எஃப் ஒண்ணும் தப்பில்ல, ஆனா அத பொம்ம கணக்குல வாங்குங்க, டேபிள் கணக்குல வாங்காதீங்க, திருப்பி விக்கும்போது கேக்க ஆளிருக்காது. அந்த காசுக்கு கொஞ்சம் மேல போட முடிஞ்சா பழைய ஸ்லேட் டேபிள் ஒண்ணு தேடுறதுதான் என் ஓட்டு.

அபார்ட்மெண்ட் க்ளப் ஹவுஸுக்கு லோக்கல் 8 அடி ஸ்லேட், கண்ண மூடிட்டு. ஆர்டர் குடுக்கும்போதே மூணு விஷயம் எழுதி வாங்கிடுங்க: 1 இஞ்ச் ஸ்லேட், 57 மில்லிமீட்டர் பாலுக்கு ஏத்த குஷன் உயரம், மூல பாக்கெட் நாலே முக்கால் இஞ்ச் வாக்குல. நாலர வெக்காதீங்க, அங்க ஆடுறவங்க பாதி பேரு வாரக்கடைசிக்காரங்க, ஒரு மணி நேரம் ஒரு பாலும் விழலன்னா அடுத்த வாரம் வர மாட்டாங்க. துணி ஆரம்பத்துல ஸ்னூக்கர் துணியே இருக்கட்டும், வேகம் கம்மியா இருந்தா புதுசா ஆடுறவங்களுக்கு வெள்ளய கட்டுப்படுத்த சுலபம், எப்படியும் ஒருத்தன் முதல் மாசத்துலயே க்யூவால கிழிப்பான், ரெண்டாவது துணி வொர்ஸ்டட்டா போட்டுக்கலாம்.

சீரியஸா 9 பால், 10 பால் ஆட்டம்னு போட்டி பக்கம் போகணும்னு நெனைக்கறவங்க பழைய 9 அடிக்குக் காத்திருங்க. புதுசு விலைக்கு யோசிக்கவே தேவையில்லாத ஆளுன்னா வேற விஷயம். பழசுல துணி கிழிஞ்சிருக்கலாம், கால்ல கீறல் இருக்கலாம், பால் செட்டே இல்லாம இருக்கலாம், இதெல்லாம் விலய கொறைக்க வந்த தெய்வங்கள். ஸ்லேட்ல விரிசல் இருக்கா, குஷன் மரம் உளுத்துருக்கா, பாக்கெட் யாராவது ரம்பம் வெச்சு பெருசாக்கி வெச்சிருக்காங்களா, இது மூணு மட்டும்தான் வேணாம்னு திரும்பி வர்றதுக்குக் காரணம். துணிய தூக்காம ஸ்லேட் தெரியாதேன்னா, பாதி லைட்ட அணச்சுட்டு மொபைல் டார்ச்ச துணி மட்டத்துல சாய்ச்சு அடிங்க, ஜாயிண்ட் மேடு பள்ளம் கோடு மாதிரி நிழல் விழும். அப்புறம் ஒரு பால நாலு மூலைக்கும் மெதுவா, நிக்கப் போற வேகத்துல உருட்டுங்க, கடைசி ஒரு அடில எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க, எல்லாம் ஒரே பக்கம் திரும்பினா அது வெறும் லெவல், ஃபிட்டர் வேல. ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு பக்கம் திரும்பினா ஸ்லேட்டோ ஃப்ரேமோ போச்சு.

விலை பேசும்போது பிரிச்சு, ஏத்தி, மறுபடி பூட்டி, லெவல் பண்ற கூலி யார் தலைலன்னு முதல்லயே பேசிடுங்க, ஸ்லேட் டேபிள்ல அது லேசான தொக இல்ல. பூட்டினப்புறம் மூணு நாலு வாரத்துல அந்தக் கனத்துக்கு தரையும் காலும் கொஞ்சம் அமுங்கும், அதனால ஃபிட்டர் இன்னொரு தடவ வந்து லெவல் பாக்கறதும் அந்தக் கூலிலயே சேத்தின்னு சொல்லி, பாதிப் பணத்த அது வரைக்கும் கைலயே வெச்சுக்கோங்க.